கழித்தல் இரண்டு கிலோ

மெலிவு மாத்திரையை விழுங்கத் தொடங்கிய நாற்பத்து மூன்றாம் நாள் தையல்காரியின் எடை கழித்தல் இரண்டு கிலோவாக இருந்தது. மருந்துக்கடை எடை மெஷினில் அவளை உட்காரவைத்து, மடியில் நான்கு கிலோ இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது முள் இரண்டில் நின்றது; கணக்கு அவ்வளவுதான். பெட்டியை எடுத்ததும் அவள் மேலே போய்க் கூரையில் இடித்துக்கொண்டாள். கடைக்காரர் மின்விசிறியை நிறுத்தினார். இயற்கையானது, மருத்துவர் சீட்டு வேண்டாம், பக்க விளைவே கிடையாது என்று அட்டையில் போட்டிருப்பதைக் காட்டி, எடை குறையத்தானே கேட்டீர்கள் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மாத்திரையை நிறுத்தியும் எடை திரும்பவில்லை. அதற்காகக்கூட அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இடுப்பைத் தையல் மெஷினோடு கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அவளைப் பயமுறுத்தியது வேறு. பத்தொன்பது வயது மகளின் தலையணைக்கு அடியில் அதே மாத்திரை அட்டை இருந்தது. மகள் அதற்குள் நாற்பத்தைந்து கிலோவுக்கு வந்திருந்தாள். அட்டையைக் குப்பையில் போட்டால் மறுநாள் இன்னொன்று வந்தது, பெட்டிக்கடையில்கூடக் கிடைத்தது. "நீ மட்டும் ஒல்லியாகலாமாம்மா?" என்று கேட்டாள் மகள். ஆக, மகள் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மாத்திரை கடைகளை விட்டே போயாக வேண்டும்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் தெருவின் இந்தப் பக்கம், உணவுப் பாதுகாப்பு அலுவலகம் அந்தப் பக்கம். கணவர் அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளை இரண்டுக்கும் கூட்டிப் போனார். 'இது மருந்தல்ல' என்று அட்டையிலேயே இருப்பதால் மருந்து அலுவலகம் கையை விரித்தது. மாத்திரையை எப்படிச் சாப்பாடு என்பது என்று உணவு அலுவலகம் கேட்டது. பதினொரு முறை தெருவைக் கடந்த பிறகு மருந்து அலுவலகம் ஒரு படிவம் கொடுத்தது. விற்பதற்கு முன் கம்பெனி எதையும் நிரூபிக்க வேண்டாமாம். கெடுதல் வந்ததை விழுங்கியவர்தான் நிரூபிக்க வேண்டுமாம். எடைக் கட்டத்தில் கழித்தல் குறிக்கு இடமில்லை. எழுத்தர் ஒழுங்கானவர், கட்டத்துக்கு வெளியே எதையும் எழுதாதவர். இரண்டு என்று மட்டும் எழுதினார். இருபதாம் நாள் பதில் வந்தது: மனுதாரர் இரண்டு கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தை, மாத்திரை பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையில் தெளிவாக உள்ளது, கொடுத்தது பெற்றோரின் அலட்சியம், கோப்பு மூடப்படுகிறது. அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து பதினாறு வருடம். அன்று மகளின் எடை பன்னிரண்டு கிலோ.

தையல்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. கம்பெனி ஆள் ஈயம் வைத்துத் தைத்த இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்து, நலமாக இருக்கிறேன் என்று கையெழுத்துக் கேட்டான். அவள் பட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் மோசம் என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு மருந்து அலுவலக வாசலில் நின்று தன் கயிற்றைத் தானே கத்தரித்தாள். மேலே எழும்பி, இரண்டாவது மாடியில் அதிகாரியின் ஜன்னல் கம்பியை வெளியிலிருந்து பிடித்து நின்று, பையிலிருந்த சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். மறுநாள் வங்கிக் காசாளர் மேலே வந்தார். அதற்கு மறுநாள் ஒரு பேருந்து நடத்துநர். வெட்கப்பட்டுக்கொண்டு பாக்கெட்டில் இரும்பைப் போட்டு நடந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். எட்டாம் நாள் முப்பத்து நான்கு பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, அதிகாரி பட்டப்பகலில் விளக்குப் போட்டு உட்கார்ந்தார்.

"கீழ இறங்குங்கம்மா, பேசிக்கலாம்" என்றார் அவர்.

"என்னைக் கொழந்தைன்னு எழுதிட்டீங்க. கொழந்தை எப்ப சார் சொன்ன பேச்சு கேட்டிருக்கு?"

ஒன்பதாம் நாள் அதிகாரி படிவத்தை வரவழைத்து, கட்டத்துக்கு வெளியே தன் கையாலேயே ஒரு சின்னக் கோடு போட்டார். எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடு விழுந்ததும் கோப்பு திறந்தது. மாலைக்குள் மாத்திரை கடைகளிலிருந்து இறங்கியது. மகளின் எடை எழுநூறு கிராமில் நின்றது. கைப்பையில் அம்மாவின் பெரிய கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போய்வருகிறாள்.

ஆறு மாதத்தில் அதே மாத்திரை வேறு பெயரில், பச்சை அட்டையில் வந்தது. தெருமுனையில் அதை ஏற்றிய வண்டி திரும்பும்போதே, அலுவலக மொட்டை மாடியிலேயே தங்கிவிட்டவர்கள் பார்த்துவிட்டார்கள். அதிகாரி ஜன்னலைத் திறப்பதற்குள் முப்பத்து நான்கு பேரும் அங்கே இருந்தார்கள். அவர்களை இறங்கச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. தையல்காரியிடம் சட்டைக்கு அளவு கொடுப்பவர்கள் மொட்டை மாடிக்கு ஏறி வருகிறார்கள். புதிதாக அச்சடித்த படிவத்தில் எடைக் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு சின்னக் கட்டம் இருக்கிறது.