பொட்டுக்கு வலப்பக்கம்

காத்தான்குடியில் பெண் பிள்ளை பிறந்தால் கூடவே வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். றபீக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்த கையோடு, உம்மா ஸாலிஹா முன்வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கக் குசினியை ஒட்டிய அறைக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு முன்வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மகளிடம் கேட்டுத்தான் அடிப்பார். சுற்றியுள்ள காணியான வளவு ஒன்று, கிணறு ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். ஊரையொட்டிய வாவியின் இந்தப் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எத்தனையோ விடயங்களில் ஒத்துவராது. மகளுக்கு வீடு கொடுக்கிற விடயத்தில் மட்டும் எல்லா ஊரும் ஒரே ஊர்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. றபீக்கா ஏமாந்தது இந்த நல்ல வழக்கத்தால்தான்.

முன்வீட்டு முன்னறையில் அவள் ஒரு கொம்பியூட்டரும் போட்டோக்கொப்பி மெசினும் வைத்துக் கடை நடத்தினாள். கணவன் மர்சூக் கட்டாரில், ஒரு ஹோட்டலின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை. சுனாமி அடித்துத் தண்ணீர் வடியுமுன்னே சனங்கள் படங்களோடு கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கலியாண அல்பத்தில் வெட்டியெடுத்த தலைகள், வகுப்புப் படத்தில் விரல் வைத்துக் காட்டப்பட்ட பிள்ளைகள். காணவில்லை என்று நோட்டீஸ் அடித்து அடித்து அவளுக்குக் கை சோர்ந்தது. மனம் அதைவிடச் சோர்ந்தது.

அந்த நேரத்தில்தான் நோர்வேயிலிருந்து உதயரூபன் எழுதினான். பெரியகல்லாற்றுக்காரன். நிவாரண வேலைக்கென்று 'வாவிக்கரை டொட் ஓர்க்' என்று ஓர் இணையத்தளப் பெயரை வாங்கி வைத்திருந்தான். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்கு முன்னால் 'தேடல்' என்று சேர்த்து, இது உங்கள் பக்கம் தங்கச்சி, என்ன வேண்டுமானாலும் போடுங்கள் என்று கடவுச்சொல்லை அனுப்பிவிட்டான். றபீக்கா அந்தப் படங்களையெல்லாம் அங்கே ஏற்றினாள். அம்பாறை ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடந்த ஒரு பெண் பிள்ளையை அதைப் பார்த்துத்தான் தகப்பன் போய்க் கூட்டி வந்தார். அந்தக் கதை ஊரெல்லாம் பரவியதும் தேடல் பக்கத்துக்கு ஒரு மரியாதை வந்தது. றபீக்காவும் அதைத் தன் வீடு போலக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள்.

கல்லடி நாவலடிக் கரையில் இருந்த புஸ்பம் முதலில் வந்தது புருசன் வல்லிபுரத்தின் படத்தோடு. அந்த மனிதர் கிடைக்கவில்லை. அவளுடைய சொந்தம் என்று சொல்ல இருந்தவர்களையும் அதே கடல் கொண்டுபோயிருந்தது. எஞ்சியது மகன் சுதாகரன் மட்டும். மேசன் வேலை தெரிந்தவன். சுனாமி வீடு கட்டும் வேலை இருக்கிறதென்று 2006இல் முல்லைத்தீவுக்குப் போனான். போன கையோடு சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். பிறருக்கு வீடு கட்டப் போனவன் தன் தாய் இருந்த தகரக் கொட்டிலுக்குத் திரும்ப முடியாமல் போனான்.

இரண்டு வருடம் எப்போதாவது ஒரு தொலைபேசி வரும், அதுவும் புஸ்பம் இருந்த சுனாமி முகாமில் பக்கத்துக் கொட்டில்காரி ஒருத்தியின் போனுக்கு. கடைசியாக வந்தபோது முகாமைக் கலைக்கப் போகிறார்கள் என்று புஸ்பத்துக்குத் தெரிந்திருந்தது. எங்கே வீடு தருவார்கள், அந்தப் போன்காரி எங்கே போவாள், ஒன்றும் தெரியாது. ஆகவே மகனுக்கு அவள் ஒரேயொரு முகவரியைத்தான் சொன்னாள். தேடல், பொட்டு, வாவிக்கரை, பொட்டு, ஓர்க். அவளுக்கு இங்கிலீசு தெரியாது. புள்ளியைப் பொட்டு என்றுதான் சொல்வாள். மகனை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்து, நான் எங்கே இருந்தாலும் என் போன் நம்பர் அங்கே இருக்கும், வெளியே வந்ததும் அதைப் போட்டுப் பார் என்றாள். அவன் மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது லைன் அறுந்தது.

பிறகு திராய்மடுவில் வீடு கிடைத்தது. ஒரு கைத்தொலைபேசியும் வாங்கினாள். சுதாகரனின் படத்துக்குக் கீழே றபீக்கா அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டாள். அன்றிலிருந்து அந்தத் தாயின் உயிர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

2009 சித்திரையில் ஒரு காலை, தேடல் திறக்கவில்லை.

முதலில் லைன் கோளாறு என்று நினைத்தாள். அந்த மாதங்களில் எது ஒழுங்காக வேலை செய்தது? வடக்கிலிருந்து வந்த செய்திகளைக் கேட்கவே பயமாக இருந்தது. நாள் போகப் போக, மற்றத் தளமெல்லாம் திறக்க இது மட்டும் திறக்காததைக் கண்டு உதயரூபனுக்கு ஈமெயில் அனுப்பினாள். போன வேகத்தில் அது திரும்பி வந்தது. அவனுடைய ஈமெயிலும் வாவிக்கரைப் பெயரிலேயே இருந்தது. வீடு எரிகிறது என்று சொல்ல அந்த வீட்டுக்கே போன் எடுத்த கதை.

மர்சூக்கிடம் சொல்லி அழுதாள். அவன் ஹோட்டலில் இருந்தபடியே துருவிப் பார்த்துவிட்டு அழைத்தான்.

"றபீக்கா, அந்தப் பேர வலப்பக்கத்தில இருந்து வாசி, குர்ஆன் ஓதுற மாதிரி. ஓர்க் எண்டது ஊர். வாவிக்கரை அந்த ஊருக்குள்ள ஒரு வளவு. தேடல் அந்த வளவுக்குள்ள ஒரு வீடு. ஊர்ப் பதிவில வளவுக்காரன்ட பேர் மட்டும்தான் இரிக்கி. உள்ளுக்கு அவன் ஆருக்கு வீடு குடுத்தான் எண்டு அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப என்ட வீட்டுக்கு உறுதிப் பத்திரம்?"

"வீட்டுக்கு உறுதியே இல்ல. வளவுக்கும் உறுதி இல்ல, வருசக் குத்தகைதான். குத்தகை முடிஞ்சிரிக்கி. அவர் புதுப்பிக்கல்ல."

றபீக்கா பெயரைத் தாளில் எழுதி வலப்பக்கத்தில் இருந்து வாசித்துப் பார்த்தாள். நாலு வருடமாக அந்தப் பெயரை இடமிருந்து வலமாகவே வாசித்து, தேடல் என்பதுதான் தலை, மற்றது வால் என்று நினைத்திருந்தாள். நம்முடைய பெயர்களில் தகப்பனின் எழுத்து முன்னால் நிற்கும். இந்தப் பெயர்களில் தகப்பன் பின்னால் நிற்கிறான், அவன் விழுந்தால் முன்னால் நிற்கிற பிள்ளையும் விழும். இடையில் ஒருமுறை உனக்கென்று சொந்தமாக ஒரு பெயர் பதிந்துகொள் என்று மர்சூக் சொல்லத்தான் செய்தான். எனக்குத்தான் தந்திருக்கிறார்களே, பிறகென்ன என்று அவள் சிரித்துவிட்டாள்.

படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வேறெங்கோ ஒரு கொம்பியூட்டரில் பத்திரமாக இருந்தன. அவளிடமும் பிரதி இருந்தது. ஒரு நாளில் புதிய பெயர் ஒன்றைத் தன் பேரிலேயே பதிந்து எல்லாவற்றையும் அங்கே மாற்றினாள். போட்டது போட்டபடி எல்லா முகமும் வந்தது. புஸ்பத்தைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினாள். புஸ்பம் புதிய பக்கத்தையும் மகனின் படத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

"நாவலடியில வீடு போச்சு, வளவு கிடந்திச்சு. இப்ப வீடு இரிக்கு, வளவு போயிட்டு எண்டுறியா புள்ள?"

ஓம் என்றாள் றபீக்கா.

"அவனுக்குத் தெரிஞ்சது அந்த வளவு மட்டும்தானே."

புதிய பெயரைப் பேப்பரில் போடலாம், நோட்டீஸ் ஒட்டலாம். வடக்கில் முள்வேலி முகாமுக்குள்ளோ, அதையும் தாண்டி எங்கேயோ இருக்கிறவனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அவனிடம் இருப்பது, தாய் மூன்று முறை சொல்லவைத்த அந்த ஒரே பெயர்.

வைகாசியில் சண்டை முடிந்தது. முகாம்களில் இருந்து சிலர் வெளியே வரத் தொடங்கியதும் றபீக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்துப் பெரியகல்லாற்றுக்குப் போய், விசாரித்து விசாரித்து உதயரூபனின் தங்கை வீட்டைக் கண்டுபிடித்தாள். அந்தப் பெண் நம்பரைக் கொடுத்தாள். ஆனால் அண்ணன் ஒருவரோடும் பேசுவதில்லை, மூத்த அண்ணனின் குடும்பம் முழுதும் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது என்றாள். றபீக்கா நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டுக்காரனிடம் போய் இதைக் கேட்பதா என்று ஒரு முழு நாள் தயங்கினாள். பிறகு புஸ்பத்தை நினைத்துக்கொண்டு எடுத்தாள்.

உதயரூபனின் குரலில் உயிர் இல்லை. நிவாரண வேலை முடிந்ததும் வாவிக்கரையில் தன்னுடையதை எல்லாம் எடுத்துவிட்டானாம். அந்த ஈமெயிலைத் திறந்தே நெடுநாள். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல் எல்லாம் அதற்குள் கிடந்தே செத்துப் போயிருக்கிறது.

"தங்கச்சி, நான் அத உங்களுக்கே தந்துட்டன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். முன்வீட்டக் குடுத்தாப் பிறகு நாங்க திரும்பிப் பாக்கிறல்லையே."

றபீக்காவுக்கு அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. கொடுத்தவனும் கொடுத்ததாகவே நினைத்தான், வாங்கியவளும் வாங்கியதாகவே நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே வாவியின் கரையில் வளர்ந்தவர்கள். பெயரைப் பதிகிறவனுக்கு மட்டும் இந்த ஊர் வழக்கம் தெரியாது.

அன்றைக்கே அவன் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துத் தருவதாகச் சொன்னான். சொன்னபடி முயன்றும் பார்த்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். விடுபட்ட பெயர்களைக் காத்திருந்து அள்ளுகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரு கிழமைக்கு முன்னரே வாவிக்கரையைக் கொண்டுபோயிருந்தார்கள்.

றபீக்கா பழைய பெயரைத் தட்டினாள். திறந்தது. இத்தனை மாதம் திறக்காதது திறந்ததும் நெஞ்சு துள்ளியது. திரையில் சீட்டு விளையாட்டு விளம்பரம். அரைகுறை உடுப்போடு ஒரு வெள்ளைக்காரி கையில் சீட்டை விரித்துச் சிரித்தாள். தேடல் என்பதை அழித்துவிட்டுச் சுதாகரன் என்று போட்டாள். அதற்கும் அதே பெண்தான் வந்தாள். வல்லிபுரம் என்று போட்டாள், அவளே சிரித்தாள். பொட்டுக்கு இடப்பக்கம் எந்தப் பெயரைப் போட்டாலும், அப்படி ஒரு வீடு இங்கே இல்லை என்று அந்த வளவு சொல்லவே இல்லை. திறக்காமலே கிடந்திருந்தாலாவது, பிறகு பார்ப்போம் என்று அவன் நினைத்திருப்பான். இதைக் கண்டால் தாயும் இல்லை என்றல்லவா நினைப்பான். றபீக்கா மேசையில் தலையை வைத்து அழுதாள். ஸாலிஹா பின்னாலிருந்து ஓடி வந்து, கட்டாரில் மருமகனுக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று பதறினார்.

அந்தக் கூட்டத்துக்கு எழுதிப் பார்த்தாள். பதிலே இல்லை. மர்சூக்தான் மிச்சத்தையும் சொன்னான். அவர்களுக்கு அந்தப் பெயரில் என்ன இருந்தது என்பது பற்றிக் கவலையில்லை. அதைத் தட்டி ஆள் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆள் வந்தால் விளம்பரத்தில் வருமானம், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஒருவரும் வராத பெயரை வருட முடிவில் வீசிவிடுவார்கள்.

றபீக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் வந்து வந்து பார்ப்பவர்கள் யார்? அவளிடம் படம் கொடுத்த தாய்மாரும் வெளிநாட்டில் இருக்கும் அவர்களுடைய ஆட்களும்தான். திரும்ப வந்திருக்குமோ என்று நாளும் பொழுதும் பழைய பெயரைத் தட்டுகிறார்கள். அவர்களுடைய ஏக்கம்தான் அந்தக் கூட்டத்துக்குக் குத்தகைக் காசு.

ஒவ்வொருவராகச் சொன்னாள். புதிய பெயரைப் பாருங்கள், பழையதை மறந்துவிடுங்கள், மறந்தால்தான் அது நமக்குத் திரும்பும். எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். புஸ்பத்துக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

"எல்லாரும் விட்டுருவம்," என்றாள் புஸ்பம். "சுதாகரன் எங்கயாவது இருந்து போட்டுப் பாத்தானெண்டா?"

"ஒராள் பாக்கிறதால ஒண்டுமில்லக்கா." அது உண்மையா என்று றபீக்காவுக்கே தெரியாது.

புஸ்பம் சத்தியம் செய்தாற்போல் அன்றிலிருந்து அந்தப் பெயரை வாயாலும் சொல்லவில்லை. கடைக்கு வருவாள், புதிய பக்கத்தில் மகனைப் பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு வருடம் அப்படியே போனது. சுதாகரனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எந்த முகாமின் பெயர்ப்பட்டியலிலும் அவன் இல்லை.

2010 ஆடியில் குத்தகை முடியும் நாள் வந்தது. இரண்டு பேரும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார்கள். எந்தப் பெயர் எந்தத் திகதி வரைக்கும் பதியப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். றபீக்கா பார்த்தாள். திகதி இன்னொரு வருடம் தள்ளிப் போயிருந்தது. புதுப்பித்துவிட்டார்கள்.

அவளால் புஸ்பத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அல்லாஹ்வே, இவளை ஒரு வருடம் பார்க்காதே பார்க்காதே என்று கட்டிப்போட்டு வைத்தேனே என்று உள்ளே வெந்தாள். விடல்லக்கா, திரும்பப் புதுப்பிச்சிட்டாங்க என்று மெல்லச் சொன்னாள்.

"ஆள் வராத பேர விட்டுருவாங்க எண்டுதானே உன்ட மாப்பிள சொன்னாரு?"

"ஓமக்கா."

"நாங்க ஒருத்தரும் போகல்ல."

"போகல்ல."

புஸ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் வந்த நம்பிக்கையைக் கண்டதும் றபீக்காவுக்குப் பயமாக இருந்தது. பெயரை வைத்திருக்க அந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், யாராவது தவறுதலாகத் தட்டியிருக்கலாம், மனிதரே இல்லாமல் இயந்திரம் புதுப்பித்திருக்கலாம். எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தது. அவள் அவற்றை விழுங்கிக்கொண்டு அந்தத் திகதிப் பக்கத்தை மூடினாள்.

புஸ்பம் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். திராய்மடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"வாற வருசமும் மத்தாக்கள் ஒருத்தரையும் அதப் போட விடாத, புள்ள. அவன் மட்டும் பாக்கட்டும்."