மச்சுக்கு ஒரு தாழ்ப்பாள்

"உனக்கு இன்னா வேணும்னாலும் எங்கிட்ட கேளு, ரேணு."

"கேட்டா செஞ்சிடுவீங்களா?"

"கேட்டுப் பாரேன்."

"இப்ப ஒண்ணும் வாணாம். ஒரே ஒருவாட்டிதான் கேப்பேன். பத்திரமா வெச்சிருந்து கேக்கறேன்."

"அதுக்குள்ள நீயே மறந்துடுவ."

"நானா? நல்லா சொன்னீங்க போங்க."

மறுவீட்டுக்குப் போயிருந்தபோது, மாகறலில் ரேணுகாம்பாளின் அப்பா வீட்டுக் கிணற்றடியில் நடந்த பேச்சு இது. தர்மன் தண்ணீர் சேந்தி ஊற்ற, அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். புதுப் பெண்டாட்டிக்குத் தண்ணீர் சேந்தி ஊற்றுகிற ஆண்பிள்ளை எதை வேண்டுமானாலும் செய்வான் என்று அப்போது தோன்றியது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அவள் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தர்மனின் வீடு நீளமான ஒரே கூடம். கூடத்தில் இரண்டு பட்டுத்தறிகள். ஒன்றில் தர்மன் நெய்வான், மற்றதில் அவன் அண்ணன் வரதராஜன். பின்னால் இருந்த ஒரே அறை அண்ணனுக்கும் அவர் மனைவி அலமுவுக்கும். மாமியார் செல்லியம்மாளுக்குச் சமையலறை. தர்மனுக்கும் ரேணுகாவுக்கும் கிடைத்தது இரண்டு தறிகளுக்கும் நடுவே இருந்த சந்து. செல்லியம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவர்களைத் தாண்டித்தான் பானைக்குப் போக வேண்டும். தீபாவளி வேலை மும்முரத்தில், தறியில் புதுப் பாவு நூலை நீளமாக விரித்துப் பிணைக்கிற நாட்களில், அந்தச் சந்தும் போய்விடும். அவள் சமையலறைக்கும் அவன் வாசலுக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

இந்த லட்சணத்தில், இன்னும் குழந்தை இல்லையா என்று தெருவே கேட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, செல்லியம்மாள் வெற்றிலை கிள்ளிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"காமாட்சிக்கு நேர்ந்துக்கினேன். உங்க ஊரு ஈஸ்வரனுக்கும் நேர்ந்துக்கினேன். ஒரு சாமிக்கும் காது இல்ல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேணுகா தலை நிமிராமலே சொன்னாள்.

"சாமிக்கே பள்ளியறைன்னு தனியா ஒண்ணு கட்டி, கதவு வெச்சி, தெனம் சாத்தறாங்க, அத்தே. நாங்க இன்னா சாமியவிட ஒசத்தியா, நடுக்கூடத்துல குடித்தனம் பண்ண?"

செல்லியம்மாளின் கை வெற்றிலையோடு நின்றது. அடுப்படியில் அலமுவின் கரண்டியும் நின்றது. சொன்னவளுக்கே காது சூடாகிவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மத்தியானமே ஏணியைச் சாய்த்து மச்சில் ஏறினாள்.

கூடத்தின் பின்பாதிக்கு மேல், பனங்கைகளைப் பாவிப் பலகை அடித்துச் செய்த மச்சு அது. மாமனார் போட்டது. அவர் போன பிறகு அதில் ஏறியவை எலியும் வவ்வாலும்தான். ஒடிந்த தறிக்கால்கள், கிழிந்த சாக்குகள், சேலையில் பூவும் அன்னமும் விழுவதற்காகத் துளையிட்ட அட்டைகள் கட்டுக்கட்டாக. அட்டைகளின் ஓரத்தை எலி கொறித்திருந்தது. நடுவில் நின்றால் தலை இடிக்காது. நான்கு பக்கமும் கை நீட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்குத் தாராளம்.

வரதராஜன் தம்பி மனைவியோடு நேராகப் பேச மாட்டார். அவளும் அவருக்கு நேராக வாய் திறக்கக் கூடாது. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சொல்ல வேண்டியதை அவர் கூடத்துத் தூணிடம் சொல்லுவார்.

"மச்சு மேல யாரோ ஏறிக்கினு இருக்காங்க போல இருக்குது. தூசி பாவு மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று தூணைக் கேட்டார்.

ரேணுகா அம்மிக்கல்லிடம் பதில் சொன்னாள். "பலகைக்குக் கீழ பழைய வேட்டிய விரிச்சிக் கட்டியிருக்குது. ஒரு தூசி வுழாதுன்னு சொல்லு, அம்மி."

"கொத்தன் கூலி இங்க யாரும் குடுக்க மாட்டாங்க."

"கொத்தனையே யாரும் கூப்புடலயாம், அம்மி."

அலமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு யாருக்குச் சாதகம் என்று தெரியவில்லை.

கொத்தனைக் கூப்பிடத்தான் இல்லை. எதிர் வீட்டுக் கொத்தன் முனிசாமியிடம் பூசுகிற கரணையை மட்டும் இரவல் வாங்கினாள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பதினெட்டுக் கூடை குப்பையை ஏணி வழியாக இறக்கினாள். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலோடு குழைத்து, சுவர் ஓட்டைகளை அடைத்தாள். முதல் நாள் பூசியது மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி உரிந்து விழுந்தது. சுவரை நனைக்காமல் பூசினால் பிடிக்காது என்று முனிசாமி தெருவில் இருந்தபடியே கத்திச் சொன்னான். நனைத்துவிட்டு மறுபடி பூசினாள். கைவிரல்களைச் சுண்ணாம்பு தின்று பொத்துப்போனதால் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள்.

"தொரசாணி கரண்டில சாப்புடறாங்க," என்றாள் அலமு.

"ரூம்பு வருது இல்லக்கா? இப்பவே பழகிக்கினா நல்லது."

தர்மன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் நெய்த சேலையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போன மத்தியானங்களில் சத்தமில்லாமல் மச்சில் ஏறினான். ஆடிய பலகைகளுக்கு ஆணி அடித்தான். எலி கொறித்த அட்டைகளை வரிசையாகக் கோத்து, ஓட்டின் சூடு இறங்காதபடி கூரைக்கு அடியில் கட்டினான். ரேணுகாவின் அப்பா சீனிவாசன் மாகறலில் இருந்து சைக்கிளில், வைக்கோல் சுற்றி, ஒரே ஒரு கண்ணாடி ஓடு கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பதித்தபோது வெயில் அட்டைத் துளைகளின் வழியாக இறங்கித் தரை முழுக்கப் புள்ளிபுள்ளியாக விழுந்தது. அவள் முதுகிலும் விழுந்தது.

தர்மன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "உன் மேல புட்டாப் பூ போட்டாப்ல இருக்குது," என்றான்.

ஆறு வருஷத்தில் அவன் சொன்ன அழகான வாக்கியம் அது. அண்ணனின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவன் ஏணியில் பாதி தூரத்தில் இருந்தான்.

ஒடிந்த தறிக்கால்களை வைத்துக் கதவும் அவனே செய்தான். கடைசியாக ஒரு சனிக்கிழமை தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டுக் கீழே போனான். ரேணுகா ஏறிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது. தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கம். பதினைந்து வருஷமாகப் பின்பக்கத்தைப் பார்த்தே வேலை செய்தவன், கதவையும் கவிழ்த்துப் போட்டு, கை பழகியபடி திருகாணி முடுக்கியிருக்கிறான்.

அலமு ஏணியில் நாலு படி ஏறி எட்டிப் பார்த்தாள். "உள்ளாற தாழ்ப்பா இல்லாத ரூம்புக்கா ரெண்டு மாசம் கூத்து? நாங்கதான் வெளிய இருந்து பூட்டணும் போலக்குது."

"பூட்டுங்கக்கா. தெறக்கத்தான் வாணாம்," என்றாள் ரேணுகா.

மறுநாள் காலை, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வரதராஜன் ஏணியில் ஏறினார். வெள்ளையடித்த சுவரைத் தடவினார். பலகையைத் தட்டினார். மூலைக்கு மூலை முகர்ந்து பார்த்தார். இறங்கி வந்து தூணின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நல்லா செஞ்சிருக்குது. ஈரம் இல்ல, எலி வராது. முதலாளி வீட்ல இருந்து நாளைக்கு நாலு மூட்டை பட்டு வருது. மேலயே ஏத்திடலாம். தாழ்ப்பா வெளிய இருக்கறதும் நல்லதாப் போச்சி, ஒரு பூட்டு போட்டுடலாம்."

ரேணுகா கணவனைப் பார்த்தாள். தர்மன் தறிக்குழிக்குள் காலை விட்டபடி, கையில் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவோடு, பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தர்மா, இன்னா சொல்ற?"

"சரிண்ணா," என்றான் தர்மன்.

கல்யாணமான முதல் மாசம், அந்தச் சந்தைக் காட்டி அண்ணன் இங்கே படுத்துக்கொள்ளுங்கள் என்றபோதும் இதே குரலில் இதே 'சரிண்ணா'தான். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஒரே ஒரு தடவை எதைக் கேட்க வேண்டும் என்று. மூக்குத்திக்கும் கேட்கவில்லை, மெட்ராஸ் பார்க்கவும் கேட்கவில்லை. கேட்டு, அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் கையில் வேறு என்ன மிஞ்சும் என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அவள் அம்மியிடம் எதுவும் சொல்லவில்லை. பாயை எடுத்தாள், தலையணையை எடுத்தாள், தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். மூன்றையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் இல்லாததால் தன் முதுகையே முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

கீழே செல்லியம்மாள், "எறங்கி வாம்மா, ஏழெட்டு வீடு வேடிக்கை பாக்குது," என்றாள்.

"பாக்கட்டும், அத்தே. ரூம்பு எப்படி இருக்குதுன்னு அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

"சோறு?"

"பட்டு மூட்டை சோறா துண்ணுது? எனக்கும் வாணாம்."

வெயில் புள்ளிகள் ஒரு சுவரை விட்டு மறு சுவருக்குப் போன நேரத்தில் ஏணி கிரீச்சிட்டது. தர்மன். கதவை மெல்லத் தட்டினான். அவள் நகர்ந்து வழி விட்டாள். ஒரு கையில் மூடிய சோற்றுத் தட்டு, இன்னொரு கையில் திருப்புளி.

"அண்ணன் கோவமா கீறாரு," என்றான்.

"நானும்தான்."

அவன் தட்டை வைத்துவிட்டுக் கதவருகே குந்தினான். "தாழ்ப்பா தப்பாப் போச்சி, ரேணு. இத்த உள்பக்கம் மாத்திடறேன். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." திருப்புளியைத் தாழ்ப்பாளின் திருகாணியில் வைத்தான்.

ரேணுகா சுண்ணாம்பு தின்ற கையை அந்தத் தாழ்ப்பாளின் மேல் வைத்தாள்.

"இது அப்படியே இருக்கட்டும். மாகறல் கெணத்தாண்ட இன்னா சொன்னீங்க?"

அவன் நிமிர்ந்தான். திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒரே ஒருவாட்டிதான் கேப்பேன்னு நீ சொன்ன," என்றான்.

"மறக்கல, இல்ல?"

"இல்ல."

"அத்த இப்ப கேக்கறேன்." ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு கீழே தறிச் சத்தம் நின்றிருந்ததையும், தூணருகே நாலு காது நிமிர்ந்திருப்பதையும் தெரிந்துகொண்டே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"கீழ எறங்கிப் போங்க. உங்க அண்ணன் மூஞ்சிய நேரா பாத்து நில்லுங்க. 'இது எனக்கும் ரேணுவுக்கும் உண்டான ரூம்பு, இங்க பட்டு வராது'ன்னு எனக்காக, உங்க வாயால, ஒருவாட்டி சொல்லுங்க."