பேபி அத்தை வைத்த வழியனுப்பு விருந்து

எனக்கு வழியனுப்பு விருந்து வைக்கப்போவதாகப் பேபி அத்தை சொன்னதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று, "நன்றி கெட்டவளே, ஆறு வருஷம் உனக்குச் சோறு போட்டேன்டி" என்று என் முகத்துக்கு நேரே கத்திய அதே வாய்தான், மூன்றாம் நாள் வார்டில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தது.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. பெயர் இன்னும் பேபி. பிலிப்பைன்ஸில் ஒரு செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லறைவரை கூட வரும். சிகாகோவுக்கு வடக்கே எண்பது படுக்கை உள்ள முதியோர் இல்லம் அவருடையது. நர்ஸுகள் எல்லோரும் எங்கள் நாட்டுப் பெண்கள்; உறவில்லாவிட்டாலும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அத்தைதான் எங்களுக்காக மனுப் போட்டுக் கிரீன் கார்டு வாங்கித் தருவார். கார்டு வரும்வரை நாங்கள் அசைய மாட்டோம். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வோம். எனக்குக் கார்டு வந்து ஐந்து மாதம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது.

"நான் வரல" என்று ரோவெனாவிடம் சொன்னேன். மூன்று வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். அவளுடைய மனு இன்னும் வரிசையில் நிற்கிறது.

"அக்கா, நீ வராம போனா அந்தக் கோவத்த யார்மேல காட்டுவாங்க? உனக்கென்ன, கார்டு பர்ஸுல இருக்கு. நான்ல தினம் அந்த மூஞ்சில முழிக்கணும்."

"வந்தா மட்டும் கொஞ்சுவாங்களா?"

"வா, நாலு வாய் தின்னு, நன்றின்னு ஒரு வார்த்த சொல்லு, கிளம்பிடு. ஏடாகூடமா எதையும் பேசிடாத. எனக்காகக்கா."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் எங்கள் விருந்துகளில் ஒரு வார்த்தையோடு தப்ப முடியாது. கிளம்புகிறவள் எழுந்து, கண் கலங்க நாலு வார்த்தை பேச வேண்டும். போகப்போகிற புது வேலையைப் பற்றி, "இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து இது என் கனவு" என்று ஒரு வரி வரும். மனதில் இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுவோம். சொல்லாதவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கார்டு வாங்கிக்கொண்டு கிளம்பிய நிம்ஃபா அக்காவும் அந்த வரியைச் சொன்னார். அத்தையின் மகன் ஜோஜோ அதைப் போனில் வீடியோ எடுத்தான். போன வருஷம் நிம்ஃபா அக்கா குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, எதிரே உட்கார்ந்த அதிகாரி அந்த வரியை அப்படியே சொல்லிக் கேட்டாராம். முதல் நாளிலிருந்தே வேறு வேலைதான் கனவென்றால், இந்த வேலையில் தங்குவேன் என்று சொல்லிக் கார்டு வாங்கினது பொய்தானே? எட்டு மாதம் நிம்ஃபா அக்கா தூக்கமில்லாமல் அலைந்தார், கையில் இருக்கிற கார்டும் போய்விடுமோ என்று. வீடியோவை அனுப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு நிலவறையில் முப்பது பேர். நடுவில் முழுப் பன்றி வறுவல், தட்டுத் தட்டாகப் பன்சிட் நூடுல்ஸ், ஊதா நிறக் கேக். மூலையில் கரோகே பெட்டி. ஒருத்தியும் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் கிளம்புவதால் இனி விடுப்பு கேட்டால் கிடைக்காது என்ற எரிச்சல் எல்லோர் முகத்திலும் இருந்தது. ஒருத்தி என் காதில் விழும்படியே, "ஏணியில ஏறினதும் ஏணிய எட்டி ஒதச்சாச்சு" என்றாள்.

அத்தை மைக்கை என் கையில் திணித்தார். ஜோஜோ போனோடு என் மூக்குக்கு நேரே வந்து நின்றான்.

"மாரிவிக் கண்ணு, வெக்கப்படாம சொல்லு. இந்த ஆஸ்பத்திரிக் கனவு எத்தன வருஷமா? வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோவெனா மட்டும் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தைச் சபிக்காத நாள் எனக்கு ஒன்றுகூட இல்லை, அது உண்மை. ஆனால் வேறு வேலை தேடியதில்லை. கார்டு வந்த பிறகும் இரண்டு வருஷமாவது இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன்.

"மார்ச் இருபத்தாறு, அத்தை" என்றேன். "செவ்வாய்க்கிழம. அதுக்கு முந்தின நாள் கேட்டிருந்தாக்கூட இங்கதான் இருப்பேன்னு சொல்லியிருப்பேன்."

"அப்படி என்னடி அன்னிக்கு விசேஷம்?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். கார்டு வந்த பிறகான தேதி அது; அதைச் சொன்னதே எனக்குப் போதும். ரோவெனாவுக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் இருந்தது. ஆனால் அத்தையின் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் நாக்கு நிற்கவில்லை.

"கார்டு வந்தாச்சு, இனிமே நீ நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொல்லி ரெண்டு வார்டையும் என் ஒருத்தி தலையில கட்டுனீங்களே, அன்னிக்கு. நாப்பத்தோரு பேரு. புண்ணுக்குக் கட்டு மாத்த நேரமில்லன்னேன். மாத்தினதா கையெழுத்துப் போடுன்னீங்க. நான் போடல. ஜோஜோ, நல்லாப் பதிவாகுதா? இன்னும் கிட்ட வாயேன்."

ஜோஜோ போனை இறக்கி, விரலால் எதையோ அழித்தான். அத்தையின் முகம் இரண்டு நொடிதான் கறுத்தது. பிறகு மைக்கை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களாடி? திங்கக்கிழமைலேர்ந்து அந்த ரெண்டு வார்டும் ரோவெனாவுக்கு. இவளுக்குத்தான் கார்டு இல்லயே, எங்க ஓடப்போறா? கையெழுத்தும் அழகாப் போடுவா!"

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ரோவெனா. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் சிரித்ததில் ஆத்திரம் வந்தது.

எங்கள் விருந்திலிருந்து யாரும் வெறுங்கையோடு போவதில்லை. அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கைக்கு வரும். பகைவனாக இருந்தாலும் கொடுத்துவிடுவோம். வாசலில் நின்று ரோவெனாதான் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது.

"தீந்துபோச்சுக்கா" என்றாள். அவளுக்குப் பின்னால் மேசையில் அரைத் தட்டு பன்சிட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரோவெனா, நான் வேணும்னு..."

"பின்னாடி ஆள் நிக்குது. நகரு."

காரில் உட்கார்ந்து நிம்ஃபா அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் வேலை பார்க்கிற அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை சொன்னவரே அவர்தான்.

"அந்த வரியச் சொல்லித் தொலச்சியா?"

"இல்லக்கா. தேதி சொன்னேன். தப்பிச்சிட்டேன். ஆனா ரெண்டு வார்டையும் ரோவெனா தலையில கட்டிட்டாங்க. என் வாயாலதான்."

"பொட்டலம் குடுத்தாளா?"

"தீந்துபோச்சுன்னா."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கும் ஒருத்தி அப்படித்தான் சொன்னா. ஒரு தட்டு பன்சிட்ட முதுகுக்குப் பின்னால மறச்சுக்கிட்டு."

சத்தியமாக அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்போது எனக்குக் கார்டு இல்லை. நிம்ஃபா அக்கா பார்த்த வார்டு அன்றுதான் எனக்கு வந்தது.

"அக்கா... அது நான்தானே?"

"வேற யாரு? ரோவெனாவுக்குக் கார்டு வரட்டும், மொதல்ல உனக்குத்தான் போன் பண்ணுவா. வேல வாங்கிக் குடு. குடுத்துட்டு, இத ஒரு நாள் சொல்லிக் காட்டு."

"உங்களுக்கு இன்னும் மனசு ஆறலயாக்கா?"

"ஆறல" என்றார். "நாளக்கிக் காலைல ஏழு மணிக்கு வந்துடு. மொத நாளே லேட்டா வராத."