சல்லடை ஜன்னலில் ஐந்து குறைகள்

"ஆகஸ்ட் 9, சனி. நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. விடுதியின் மரவேலை கேரளத்தது என்று எழுதிவிட்டேன். அது நேபாளத்து நேவார் தச்சர்களுடையது. மன்னிக்கவும்."

தன் டைரியிடமே மன்னிப்புக் கேட்கிற ஆள் சான்ட்ரா. மயிலாப்பூர் மாலை வகுப்பில் ஓட்டல் வரவேற்பு வேலை படிக்கிறாள். வகுப்புத் தோழி ரூபீனாவோடு ராஜா அண்ணாமலைபுரத்துப் பழைய பங்களா விடுதியில் ஒருநாள் தங்கி அறிக்கை எழுத வேண்டும். குறைந்தது ஐந்து குறைகள், அத்தனைக்கும் அத்தாட்சி என்று சூடாமணி மிஸ் கறாராகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால், திங்களன்று அதே விடுதியில் நடக்கும் வேலை நேர்காணலுக்கு அனுப்ப மாட்டார். சான்ட்ராவுக்கு அந்த வேலை வேண்டும். ரூபீனாவுக்கு துபாய் விசா வந்தாயிற்று. அவள் வந்தது மெத்தைக்காக.

மாடி அறையில், ஆணியும் பசையும் இல்லாமல் கோத்த மரச் சல்லடை ஜன்னல். உள்ளிருந்து பார்த்தால் கீழே வரவேற்பு மேசையும் மேலாளர் ஃபிரெட்ரிக்கின் வழுக்கையும் தெரியும். அவர் அண்ணாந்தால் மரப்பூதான் தெரியும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, அறிக்கை நோட்டில் எழுதியதைச் சான்ட்ரா வாய்விட்டுப் படித்தாள்.

"நிலைவாசல் தாழ்வு, எச்சரிக்கை இல்லை, தோழி இடித்துக்கொண்டாள். செதுக்கிய மயிலின் தோகையில் தூசி. குளியலறை பல்பு மினுக்குகிறது. கூஜாவில் தண்ணீர் இல்லை. கட்டில் ஆடுகிறது."

"பளபளன்னு கீதே அந்த வழுக்கை, அதையும் சேத்துக்கடீ" என்றாள் ரூபீனா.

மொட்டை மாடியில் டீ குடித்துவிட்டு வந்தால், தாழ்ந்த நிலைவாசலில் எச்சரிக்கையாகச் சாமந்தி மாலை தொங்கியது. மயில் பளிச்சென்று இருந்தது. பல்பு நிதானமாக எரிந்தது. கூஜா நிறைந்திருந்தது. கட்டிலை உலுக்கினாள், அசையவில்லை.

"நான்தான் சரியா பாக்கல போல" என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்தையும் அடித்தாள். "மாலை முன்னாடியே இருந்துச்சோ?"

"இருந்தா என் மண்டை ஏன்டி வீங்கிக் கீது?" ரூபீனா ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். "வாழக்கா பஜ்ஜி தரலன்னு எழுதிப் படி."

"அது குறை இல்லையே."

"படிடீ!"

படித்தாள். கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சூடான பஜ்ஜி, இரண்டு சட்னியோடு.

சான்ட்ராவுக்குக் காது மடல் கொதித்தது. கீழே இறங்கிப் போனாள்.

"எல்லாம் கேட்டுச்சா சார்?"

"கண்ணுக்குத்தாம்மா அது மறைப்பு, காதுக்கு இல்ல" என்றார் ஃபிரெட்ரிக், வழுக்கையைத் தடவிக்கொண்டே. "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. மிஸ்ஸுக்கு இன்னா காட்டுவ?"

சான்ட்ரா நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"நாலரைக்குக் குறை இருந்துச்சு சார். அஞ்சேகாலுக்குள்ள சரிபண்ணீங்க. ரெண்டு நேரத்தையும் எழுதறேன். நீங்க கையெழுத்துப் போட்டா அதுதான் அத்தாட்சி."

"என் ஓட்டல் குறைக்கு நானே கையெழுத்தா?"

"சரிபண்ணினதுக்கும் சேர்த்துதான் சார்."

அவர் அடித்திருந்த ஐந்து வரிகளையும் பார்த்தார். பிறகு நோட்டைத் திருப்பித் தந்தார். "புதுசா எழுதிட்டு வா, போடறேன். திங்கக்கிழமை இன்டர்வியூல மட்டும் கொஞ்சம் மெதுவா பேசும்மா."

அறைக்கு வந்ததும், வாயை இறுக மூடிக்கொண்டு டைரியில் எழுதினாள்:

"நாளை, ஞாயிறு: சர்ச்சில் பூசை முடிந்ததும், அடித்த ஐந்தையும் நேரத்தோடு புதிதாக எழுதி, காலி செய்யும் முன் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறாவதாகச் சேர்க்க வேண்டியது: அறையில் பேசுவது வரவேற்பு மேசைக்குக் கேட்கிறது."