அகண்டன் பேசாத பக்கம்

சர்வ வல்லமை படைத்த ஒரு பிரபஞ்ச சக்தியை ஹரிபிரசாத் ஒரே மதியத்தில் வாயாடியாக்கிவிட்டான். அதுவும் அச்சில்.

கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய சந்துக்குள் அந்த அச்சகம் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் மை வாசனை மூக்கில் ஏறியது. 'அகண்டன்' காமிக்ஸின் ஐந்தாம் இதழ். அட்டையில் அகண்டன், உடம்பெல்லாம் நட்சத்திரமாக, மேம்பாலத்தின் மீது ஒரு காலை ஊன்றி நின்றான். அச்சகத்துப் பெரியவர் சாவந்த் காகாவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒரு பிரதியைப் புரட்டிவிட்டு, "சித்ரம் ஏக்தம் பாரி!" என்று மராட்டியில் படங்களைப் பாராட்டினார். அவர் வசனத்தைப் பாராட்டவில்லையே என்று ஹரிக்கு லேசான வருத்தம்.

"கடைசிக்கு முந்தின பக்கத்தைப் பாரு, அம்மிணி," என்று பெருமையோடு மனைவியிடம் நீட்டினான். கதை அவனுடையது, படங்கள் வித்யாவுடையவை.

வித்யா பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள். பிரதியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒவ்வொரு இதழிலும் முதல் பிரதியை அவள்தான் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அன்று வெறுங்கையோடு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவனோ, பின்னால் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கட்டும் என்று, வழி நெடுக சாவந்த் காகா மாதிரி பேசிக்காட்டிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

அகண்டன் யார் என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குத் தபாலில் போகிற சின்னப் பத்திரிகை அது. அதன் வாசகர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் ஹரிக்குச் சொந்தக்காரர்கள் என்பது வித்யாவின் சந்தேகம். ஆகவே தெரியாமல் இருப்பது யாருடைய குற்றமும் அல்ல. அகண்டன் அண்டங்களுக்கு மூத்தவன். அவன் விரல் சொடுக்கினால் ஒரு சூரியன் அணையும். ஆனால் மனிதர்களை மட்டும் அவனால் புரிந்துகொள்ள முடியவில்லை. முதல் இதழில் பூமியை அழிக்கத்தான் வந்தான். சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போதும் ஜனங்கள் ஏன் ஹாரன் அடிக்கிறார்கள் என்று குழம்பிப்போய், அழிப்பதைத் தள்ளிவைத்தான். அடுத்த இதழில் ஒரு வடாபாவ்காரர், கேட்காமலே பொரித்த மிளகாய் ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டார். அது ஏன் என்று விளங்காமல் பால்வீதியை ஒரு சுற்று சுற்றிவந்தான். எதிர்ப்பட்ட மனிதர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பான். ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். அதுதான் காமிக்ஸின் வேடிக்கை.

புருஷனும் பெண்டாட்டியும் வேலை செய்கிற முறை கொஞ்சம் தலைகீழ். மற்ற இடங்களில் வசனம் எழுதிய பிறகு படம் வரைவார்கள். இவர்களிடம், ஹரி ஹிஞ்ஜவாடி கம்பெனியிலிருந்து திரும்பி டீ குடித்துக்கொண்டே கதையை வாயால் சொல்வான். வித்யா பக்கம் பக்கமாக வரைவாள். கடைசியில்தான் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படத்தின் மேல் பலூன் பலூனாகப் பேச்சை ஒட்டுவான்.

இந்த முறை, "அகண்டன் ஒரு சாவு வீட்டுக்குப் போறான்," என்றான்.

வித்யாவின் அம்மா கனகவல்லி அந்த மழைக்காலத்தில்தான் போயிருந்தார். கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து முடித்தவர். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை என்று ஹரி உண்மையிலேயே நினைத்தான். கதை சொல்கிறவனுக்கே தன் கதை கடைசியாகத்தான் தெரியவரும் போலிருக்கிறது.

அந்தப் பக்கத்தை அவள் வெகு நாள் வரைந்தாள். வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒரு பெண் அடுக்களையில் தனியாகப் பாத்திரம் தேய்க்கிறாள். அகண்டன் தன்னை மடித்து மடித்துச் சுருக்கிக்கொண்டு, பரண் இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே நுழைகிறான். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்காருகிறான். கேள்வி கேட்கவில்லை. விரல் சொடுக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் அழுகிறாள்.

"இந்தப் பக்கத்துல ஒண்ணும் எழுதாத, ஹரி."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"படிக்கிறவங்களுக்குப் புரியோணுமில்ல அம்மிணி?"

"புரியும். அவ்ளோதான்."

அவன் சரி என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான். ஆனால் அவள் வெளியே போயிருந்த ஒரு மதியம், திரையில் அந்தப் பக்கம் மட்டும் பொட்டல் காடாகத் தெரிந்தது. சத்தமில்லாத இடத்தைக் கண்டால் ஹரிக்குக் கை அரிக்கும். ஒரே ஒரு பலூன் வைத்தான். அது தனியாக நிற்கிறதே என்று துணைக்கு இன்னொன்று. அப்புறம் அகண்டன் நிறுத்தவேயில்லை. கடைசிக் கட்டத்தில் பலூனுக்கு இடமில்லை. அத்தனையும் நட்சத்திரம். பழைய டூத்பிரஷை வெள்ளை பெயின்டில் தோய்த்து, விரலால் சிலுப்பிச் சிலுப்பி அவள் தெளித்த நட்சத்திரங்கள். மேசை, சுவர், காலண்டர், அவன் ஆபீஸ் சட்டை வரை தெறித்திருந்தன. அவற்றை மறைக்க மனசு வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சின்னதுதானே என்று அதன் மேல் வைத்தான்.

'பெண்ணே, அழாதே! நான் நனைந்தால் பால்வீதியே தும்மும்!'

எழுதிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதழ் வெளிவந்த அடுத்த வாரம் வித்யா தளேகாவுக்குப் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை. பள்ளித் தோழி ப்ரீதியின் வீட்டு மாடியில் ஓர் அறை. முதலில் 'டெர்ம் முடியிற வரைக்கும்' என்றாள். அப்புறம் போனில், "பாப்போம்" என்றாள். அதற்கப்புறம் போன் வருவதே குறைந்தது.

ஹரி கட்கிக்குப் போய் மைத்துனர் கிட்டுவைக் கேட்டான். "மச்சான், வித்யா எப்ப திரும்பி வருவா?"

"தளேகாவ்ல ஹவா நல்லாருக்காம், மாப்ள. அவளுக்கு அந்த இருமல்கூட விட்டுடுச்சாம்."

"நான் காத்தைக் கேக்கல, மச்சான்."

"ட்ரெயின் வசதியும் இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம்." கிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார். அது ஓடிக்கொண்டிருக்கவே இல்லை.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஹரி அந்தக் கூடத்தைப் பார்த்தான். அத்தையின் படத்தில் மாலை வாடியிருந்தது. காரியம் முடிகிற வரை இந்தக் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து ஊரைச் சிரிக்க வைத்தவன் அவன். "அத்தை இந்நேரம் எமன் வீட்டு ரசத்துல உப்பில்லைன்னு சொல்லியிருப்பாங்க. அவரு வேலையை விட்டுட்டுக் கோயமுத்தூர்ப் பக்கம் ஓடியிருப்பாரு!" வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நல்ல மருமகன், வீட்டைத் தூக்கி நிறுத்துகிறான் என்றார்கள். வித்யாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஹரி கூடத்திலேயே இருந்தான். அடுத்த ஜோக் பாக்கி இருந்தது.

அந்த அடுக்களையில் பரண் தாழ்வாக இருக்கும். அதன் அடியில் கேஸ் சிலிண்டர்.

அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கிட்டு இன்னொரு தடவை மோட்டாரை அணைக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போனான். கையில் சுருட்டிய ஒரு தாள். சாவந்த் காகாவிடம் சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பலூன் இல்லாமல் அச்சடித்து வாங்கியிருந்தான்.

ப்ரீதி கதவைத் திறந்தாள். "அரே, ஹரி! வாங்க, சாய் போடவா?"

"வித்யா இருக்காளா?"

"ஸ்டேஷன் பக்கத்துல புதுசா ஒரு பேக்கரி வந்திருக்கு, பாத்தீங்களா? காரி பிஸ்கட் அவ்ளோ நல்லாருக்கு."

இந்த ஊரிலும் அகண்டனுக்கு இதே பதில்தான்.

வித்யா மொட்டை மாடிக் குழாயடியில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தெளிந்திருந்ததே அவனுக்கு வலித்தது.

"ட்ரெயின்ல உக்கார இடம் கெடைச்சுதா?" என்றாள்.

அவன் தாளைப் பிரித்து நீட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அழுகிற முகம் வெளியே தெரிந்தது. கனகவல்லியின் மூக்கு. வித்யாவின் கண்கள்.

"மூஞ்சிய ஏன் மறைச்ச?"

"நட்சத்திரத்தை மறைக்க மனசு வரலை. நீ அத்தனை நாள் உக்காந்து தெளிச்சது..."

"நட்சத்திரம் டூத்பிரஷ்ல வந்துடும், ஹரி. இந்த மூஞ்சிக்குத்தான் எனக்கு அத்தனை நாளாச்சு."

அவன் தொண்டையைச் செருமினான். "வீட்டுல கரப்பான்பூச்சியெல்லாம் உன்னையத்தான் கேக்குதுங்க. எப்ப வருவேன்னு தேதி சொல்லிட்டா அதுங்களும் நிம்மதியா..."

"பாப்போம்," என்றாள் வித்யா, குழாயைத் திறந்துகொண்டே.

எத்தனையோ தடவை கேட்ட 'பாப்போம்'. எந்தக் கேள்விக்கு அது வருகிறது என்பதை அவன் இன்றைக்குத்தான் கவனித்தான். நேராகக் கேட்காமல், கேள்விக்குக் கோமாளி வேஷம் போட்டுக் கேட்டால், இதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்?

ஹரி ஈரத் தரையில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பேண்ட் நனைந்தது. நனைந்த பேண்டைப் பற்றி ஒரு நல்ல ஜோக் உடனே நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினான்.

"வித்யா, நீ திரும்ப வருவியா, மாட்டியா?"

அவள் குழாயை மூடினாள். கீழே லோனாவ்லா வண்டி போயிற்று. அதன் சத்தம் ஓயும்வரை அவள் பேசவில்லை. ஓய்ந்த பிறகும் பேசவில்லை. அந்த இடைவெளியில் போட ஹரியிடம் எத்தனையோ பலூன்கள் இருந்தன. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வரமாட்டேன், ஹரி," என்றாள். "கோவம்லாம் இல்ல. அம்மாவுக்காக நான் இங்க வந்துதான் அழுதேன். அங்க வந்தா மறுபடியும் சிரிக்கணும்."