ரம்முக்குப் பூட்டு

எங்கள் வீட்டில் பூட்டுப் போட்டு வைத்திருந்த ஒரே சாமான் ரம் பாட்டில்தான். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

விராஜ்பேட்டையில் சொல்லிச் செய்து, ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்த இரும்பு அலமாரி அது. துப்பாக்கியை நிற்கவைத்துப் பூட்டுவதற்கென்றே செய்யச் சொன்னேன். மேல்தட்டில் தோட்டாவுக்குத் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு. என் மாமனார் பெள்ளியப்பா அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். மறுநாள் மிலிட்டரி கேன்டீன் ரம்மையெல்லாம் அதில் அடுக்கிப் பூட்டி, சாவிகளை இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டார். துப்பாக்கி பழையபடி சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது.

"மாமா, அது துப்பாக்கிக்குச் செஞ்சது."

"துப்பாக்கிய எவன் குடிச்சிடப் போறான்? ரம்மத்தான் எல்லாப் பயலும் குடிக்கிறான்."

ரிட்டையர்டு சுபேதார். அவரிடம் பேசி ஜெயித்தவர் ஒரே ஒருவர், என் மாமியார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாலு தலைமுறையாகத் துப்பாக்கி இருக்கிற வீடு, அதனால் ஒரு கோழிக்குஞ்சுகூடச் செத்ததில்லை என்பார் மாமா. குடகில் ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி உண்டு. என் மகன் அய்யண்ணா பிறந்தபோதும் அவர்தான் வெடித்தார். "அவன் காதுல மொதல்ல விழுந்த சத்தமே இதுதான். இவன் பயப்பட மாட்டான், பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவன் பயப்படாததுதான் என் பயம். அவனுக்கு ஐந்து வயது, அக்கா முத்தவ்வாவுக்கு எட்டு. கை படாத இடமில்லை.

என் கணவர் சோமய்யா பட்டாளத்தில் இருக்கிறார். போனில் புலம்பினால், "அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது, தேச்சு?" என்பார்.

"பார்டர்ல நூறு பேருக்கு ஆர்டர் போடுறீங்க!"

"அப்பா நூத்தியோராவது ஆளும்மா."

எனக்கு அலுத்துவிட்டது. காபித் தோட்டம், வேலைக்கு வராத ஆட்கள், அட்டைக்கடி, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நிற்காத மழை. இதற்கு நடுவில் தினமும் செவிடன் காதில் சங்கு ஊத எத்தனை தெம்புதான் இருக்கும்? காலையில் எழுந்ததும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் இன்னொரு தரம் பார்ப்பேன். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்க எனக்குத் தெரியும், ஆனால் அவர் தொடவிடமாட்டார். பொம்பளை தொட்டால் குறி தப்புமாம்.

நடவு முடியப்போகிற சமயம், மாலையில், நாற்றங்காலில் பன்றி இறங்கிவிட்டது என்று சத்தம் கேட்டது. மாமா இரண்டு குழலிலும் தோட்டாவைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். அவர் வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அய்யண்ணா வாசல் படியில் வழுக்கி விழுந்தான். மோவாய் கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். நான் அலறிய அலறலில் மாமா போன வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தார். துப்பாக்கியை மூலையில் சாய்த்தார், பேரனைத் தூக்கினார், ஜீப்பைக் கிளப்பினார். டாக்டர் தையல் போடும்போது பிள்ளையைவிட அதிகம் அழுதது அவர்தான்.

இரண்டொரு நாளில் நடவு முடிந்தது. நடவு முடிந்தால் வீட்டு ஆயுதமெல்லாம் சாமி அறைக்குப் போய்விடும். துப்பாக்கி, கத்தி, எல்லாம். ஆயுதங்களுக்குப் படையல் போடும் கைல்போல்து பண்டிகை வரை எதையும் எடுக்கக்கூடாது. மாமா துப்பாக்கியைத் துணியால் துடைத்து, பலகைமேல் சிவப்புத் துணி விரித்து, குழல் வாசலைப் பார்க்கக் கிடத்தினார்.

வருஷத்தில் எனக்கு நிம்மதி உண்டென்றால் அந்த ஒரு மாதம்தான். முன்னோர்களும் சாமியும் இருக்கிற அறையில் கிடக்கிறது, இனி அது துப்பாக்கி இல்லை, சாமி சாமான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதை விட்டேன். மத்தியானத்தில் கட்டையைச் சாய்த்தால் தூக்கம் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் பிள்ளைகளை நானே அனுப்புவேன், "போங்க, போய்க் கும்பிட்டுட்டு வாங்க" என்று. முத்தவ்வா செம்பருத்திப் பூவைத் துப்பாக்கியில் செருகுவாள். அய்யண்ணா மோவாய்ப் பிளாஸ்திரியோடு நெடுஞ்சாண்கிடையாக விழுவான். அழகாக இருக்கிறதென்று படம் எடுத்து அவன் அப்பாவுக்கு அனுப்பினேன்.

பண்டிகை அன்று காலையில் பன்றிக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கடம்புட்டு அரிசி உருண்டை பிடித்துப் பிடித்து என் கை மரத்துப்போயிருந்தது. மாமா துப்பாக்கியை வெளியே கொண்டுவந்து சந்தனம் வைத்தார்.

"உள்ள தொடைக்கலையா மாமா?" என்றேன் போகிற போக்கில்.

"சாமிகிட்ட இருந்ததுல ஏது தூசி?"

முத்தவ்வா செங்காந்தள் பூக்களைக் குழல் வாயில் செருகினாள். காம்பு நிற்கவில்லை என்று எட்டி உள்ளே பார்த்து மறுபடி செருகினாள். படையல் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு ஊர் மைதானத்தில் கூடினோம். பூவை எடுத்துவிட்டு மாமா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார். தோட்டாப் பையோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"சுபேதாரே, இந்த வருஷம் தேங்காயா, தேங்கா கட்டின மரமா?" என்று பக்கத்துத் தோட்டத்து மந்தண்ணா சீண்டினார்.

"மரம் எதுக்கு? உன் தலை காலியாத்தான இருக்கு, அதுல கட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். தோட்டா போட மாமா துப்பாக்கியை மடக்கித் திறந்தார். உள்ளே இரண்டு பித்தளை வட்டங்கள் இருந்தன.

எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு தோட்டாவையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தார். நமுத்துப்போகவில்லை, ஒன்றுமில்லை. நல்ல தோட்டா.

"மந்தண்ணா, நீ உன் துப்பாக்கியால சுடு. எனக்குக் கண்ணு கூசுது" என்றார். வெயிலே இல்லாத நாள் அது. திறந்த துப்பாக்கியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பிள்ளைகளை மந்தண்ணா மனைவியிடம் விட்டுவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது வேறு இருந்தது.

சாமி அறையில் மாமா குப்புறக் கிடந்தார். மாரடைப்போ என்று நினைத்தேன்.

"மாமா! விழுந்துட்டீங்களா?"

"இல்ல." தலையைத் தூக்கவில்லை. துப்பாக்கியைத் திறந்தபடியே பழைய பலகையில் கிடத்தியிருந்தார். "அய்யண்ணா தலை இங்கதான வரும்?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடி."

முழங்கையை ஊன்றி, பட்டாளத்துக்காரர்கள் நகர்வதுபோல் நகர்ந்தார். குழலுக்கும் அவர் நெற்றிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"முத்தவ்வா பூவ எங்க வெப்பா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "விசை வளையத்துக்குள்ள, மாமா. தெனமும்."

நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார்.

"பையன் மோவாய் கிழிஞ்ச அன்னிக்குப் போட்டது. மறந்துட்டேன்னு சொல்லக்கூட முடியல, தேச்சு. மறந்ததே ஞாபகத்துல இல்ல. எடுத்துட்டேன்னுதான் மைதானத்துல தெறக்கற வரைக்கும்..."

எனக்கு ஜெயித்தது போலவே இல்லை. அந்த மாதம் முழுக்க நான் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவரே ரம் பாட்டில்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். துப்பாக்கியை அலமாரிக்குள் நிறுத்திப் பூட்டினார். தோட்டாக்களை மேலறையில் வைத்துப் பூட்டினார். பெல்ட்டிலிருந்து இரண்டு சாவியையும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க. பன்றி வந்தா நீ எடுத்துக் குடு, திரும்பி வந்ததும் நீயே தெறந்து பாரு. நான் சண்ட போட்டுக் கேட்டாலும் சாவிய மட்டும் தராத."

"சரி மாமா. ரம்மு?"

"எவன் வேணாலும் குடிச்சிட்டுப் போகட்டும்."

விளக்கு வைக்கும் நேரம் பிள்ளைகள் வந்தார்கள். சாமி அறையில் பலகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அய்யண்ணா வீடெல்லாம் தேடினான். அலமாரிக்குள் இருக்கிறது என்று அக்காள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். உடனே அவன் அலமாரியின் முன்னால் கைகூப்பி நெடுஞ்சாண்கிடையாக விழப்போனான்.

மாமா பாய்ந்து வந்து அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார்.

"வேண்டாண்டா. இனிமே இதுக்கு முன்னாடி விழாத. இது சாமி இல்ல."