நாலாம் நம்பர் கதையின் கடைசி வரி

குட்டிக்கதை எழுதுகிறவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும், உங்களுக்கெல்லாம் வேறு பிழைப்பே இல்லையா என்று. நான் கேட்கவில்லை. நானும் அந்த வாட்ஸப் குழுவில்தான் இருக்கிறேன். சேர்த்துவிட்டவள் என் நாத்தனார். "சும்மா ஜாலிக்குத்தான் அண்ணி" என்றாள். ஜாலிக்கு என்று சொல்லிக்கொண்டே மாதாமாதம் போட்டி வைப்பாள். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பைப் படம் வரும். அதற்கு எல்லோரும் கைதட்டும் பொம்மை போடுவார்கள்.

குழுவின் மேதைகளைக் கேளுங்கள். ஒரு பல் டாக்டர். அவர் கதையில் கடைசி வரிக்குள் யாராவது செத்தே ஆக வேண்டும். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கதை முடிந்த பிறகும் புத்திமதி நிற்காது. ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வார்த்தைக்கு வார்த்தை மூன்று புள்ளி வைப்பார், மூச்சு வாங்குகிறதோ என்னவோ. ஒரே ஒரு தடவை முதல் பரிசு வாங்கி இவர்கள் மூக்கை உடைக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரும் குழுவில் இருக்கிறார், பேருக்கு. தங்கச்சி சொல்லைத் தட்ட முடியாமல் சேர்ந்தவர். லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் மோட்டார், கதவு, கம்பி. நான் கடையை மூடிவிட்டு வரும்வரை தட்டை மூடி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். சூடு பண்ணச் சோம்பல்.

போட்டி இப்படி நடக்கும். கதையை நாத்தனாருக்குத் தனியாக அனுப்பிவிட வேண்டும். அவள் பெயர் இல்லாமல், நம்பர் மட்டும் கொடுத்துக் காலையில் குழுவில் போடுவாள். மதியம் வரை கருத்துச் சொல்லலாம். அதைப் பார்த்து எழுதியவர் திருத்திக்கொள்ளலாம். சாயங்காலம் ஓட்டு. நட்புக்குக் குறைவு வரக்கூடாதாம், அதனால் கருத்து 'அருமை' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

என்னுடையது துணி ஆல்டர் பண்ணும் கடை. அன்று ஒரு பேன்ட்டின் காலைப் பிரித்துக்கொண்டே கதைகளைப் படித்தேன். டாக்டர் கதையில் வழக்கம்போல் சாவு. நாலாம் நம்பர் மட்டும் என்னை உட்கார வைத்தது. அதில் ஒருத்தி வருகிறாள். யாரைப் பார்த்தாலும் குறை. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் ஈறு தெரிகிறது, மழை பெய்தால் சாய்வாகப் பெய்கிறது. அவள் திட்டுவதைக் கேட்டுப் புருஷன் மாடிப்படியில் ஒளிந்து நின்று சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் என் நாத்தனார்!

கடைசி வரிதான் சொதப்பல். 'அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டால்தான் அவனுக்குப் பசிக்கும்.'

நீளம் அதிகமானால் வெட்டுவது என் தொழில். எழுதினேன்: "அருமை. ஆனால் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். பசித்தால் மனிதன் சாப்பிடுவான். இந்தக் குத்தல்காரிக்காக எவனாவது பட்டினி கிடந்தால் அவன் வடிகட்டிய முட்டாள்."

மதியம் பார்த்தேன், வரி காணோம். கதை கத்தி மாதிரி நின்றது. சொன்னால் கேட்கிற ஆள் ஒருவராவது இந்தக் கும்பலில் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கடையைப் பூட்டும்போது நாத்தனார் போன்.

"அண்ணி! நாலாம் நம்பர் ஜெயிச்சிடுச்சு. யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

"எவனா இருந்தா என்ன? என் கதைக்கு எத்தனை ஓட்டு?"

"ஒண்ணு. அதுவும் அண்ணன் போட்டது. மொத வரியிலேயே இது எங்க வீட்டம்மா எழுத்துன்னு கண்டுபிடிச்சிட்டாரு."

"அவருக்குக் கதையெல்லாம் எங்க புரியப்போவுது."

"அண்ணி, நாலாம் நம்பரே அண்ணன் எழுதினதுதான். அந்தக் கடைசி வரிய எடுக்காதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். 'அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு எடுத்துட்டாரு."

பூட்டு கையிலேயே இருந்தது. ஈறு தெரிகிறது என்று நான்தான் சொன்னேன், போன வாரம். மழையையும் நான்தான் திட்டினேன்.

வீட்டு மாடிப்படியில் செருப்பை ஓங்கி ஓங்கி வைத்து ஏறினேன். மேல்வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன்.

"வந்துட்டியா? நான் சாப்பிட்டேன். உனக்கு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ."

"ஏங்க... அந்தக் கதை..."

"நீ சொன்னது சரிதான். வரிய எடுத்ததும் கச்சிதமா ஆயிடுச்சில்ல?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அது வேறு அசிங்கம். பல் டாக்டர் எழுதியிருந்தால் இந்த இடத்தில் யாராவது செத்திருப்பார்கள். இங்கே யாரும் சாகவில்லை. நான் சூடு பண்ணி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.